காமா கதிரா, தடமற்ற ஆக்ஸியானா: மியூவான் சிதைவில் இரு தேடல்கள்

தண்டையார்பேட்டையில் என் மாலை வகுப்புக்கு வரும் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்கள், லெப்டான் சுவை மீறல் (எலக்ட்ரான், அதன் கனமான உறவான மியூவான் போன்ற லெப்டான் துகள்கள் வழக்கமான விதியை மீறி ஒன்று மற்றொன்றாக மாறுவது) என்றதுமே, நேர்மின் மியூவான், எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானாகவும் காமா கதிராகவும் சிதையும் வழியைத்தான் எழுதுகிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் பாசிட்ரானுடன், ஆக்ஸியானை (இன்னும் காணப்படாத, மிக லேசான கருதுகோள் துகள்) ஒத்த, கருவியில் தடமே பதிக்காத ஒரு துகள் வெளியேறும் வழியையும் அதே அக்கறையுடன் பார்க்க வேண்டும்.

காமா வழியின் பலம் அதன் தெளிவு. நின்றுபோன மியூவானிலிருந்து பாசிட்ரானும் காமாவும் தலா 52.8 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுடன் ஒரே கணத்தில் எதிரெதிராகப் புறப்படும். நியூட்ரினோ நிறையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இதன் வாய்ப்பு 10⁻⁵⁴ அளவுதான் என்பதால், உறுதியான கண்டுபிடிப்பு எதுவும் புதிய இயற்பியலே. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்தில் நடக்கும் மெக் 2 சோதனை, இச்சிதைவைக் காணாமல், அதன் வாய்ப்புக்கு 1.5×10⁻¹³ என்ற உச்சவரம்பை 2025இல் அறிவித்தது.

ஆக்ஸியான் வழியில் துணைக்குக் காமா இல்லை. துகள் நிறையற்றது என்றால் பாசிட்ரானின் ஆற்றல், சாதாரணச் சிதைவின் (பாசிட்ரானுடன் இரு நியூட்ரினோக்கள் வெளியேறுவது) ஆற்றல் நிறமாலை உச்சம் தொட்டு அறுந்து விழும் அதே 52.8 எம்.இ.வி. விளிம்பில் அமையும்; தீபாவளிக்கு முந்தைய மாலையில் கடைக்கூட்டம் நெரியும் எம்.சி. ரோட்டில் ஒருவரைத் தேடுவதற்கு ஒப்பானது அது. கனடாவின் ட்ரையம்ஃப் ஆய்வகத்தில் நடந்து 1986இல் வெளியான சோதனை இதை அழகாகச் சமாளித்தது. தற்சுழற்சி ஒரே திசையில் அமைந்த மியூவான்களை எடுத்துக்கொண்டால், அத்திசைக்கு நேரெதிரே விளிம்பாற்றல் பாசிட்ரான்கள் சாதாரணச் சிதைவில் ஏறக்குறைய வருவதேயில்லை. அங்கே எஞ்சுவதைத் தேடி, 2.6×10⁻⁶ என்ற வரம்பை எட்டினர். சாதாரணச் சிதைவை நடத்தும் மென்விசையைப் போலவே ஆக்ஸியானும் இடக்கையாக (இடப்பக்கச் சுழற்சி கொண்ட துகள்களுடன் மட்டும்) பிணைந்தால், அதன் சைகையும் அந்தத் திசையில் மறைந்துவிடும் என்பது இம்முறையின் பலவீனம்.

பூஜ்யங்களை எண்ணி மதிப்பெண் போட்டால் காமா வழியே வெல்லும். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. கனமான புதிய துகள்களால் நேரும் காமா சிதைவு, அவற்றின் ஆற்றல் அளவு உயர உயர அதன் நான்காம் அடுக்கில் குறைகிறது. ஆக்ஸியான் சிதைவோ இரண்டாம் அடுக்கில் மட்டுமே குறைகிறது. ஆகவே 10⁻⁶ என்ற எளிய வரம்பே 10⁹ ஜி.இ.வி. (ஒரு ஜி.இ.வி. ஆயிரம் எம்.இ.வி.) அளவைத் தொட்டுவிடுகிறது. ஆக்ஸியான் மியூவானைவிடக் கனமானால் மட்டும் இவ்வழி அடைபட்டு, காமா வழிக்கு முன்னுரிமை தர வேண்டிவரும்.

மியூவான் மூன்று எலக்ட்ரான்-பாசிட்ரான் துகள்களாகச் சிதைவதைத் தேட பால் ஷெரரிலேயே அமையும் மியூ3இ சோதனை ஏராளமான மியூவான் சிதைவுகளைக் காணும் என்பதால் அங்கும் ஆக்ஸியானைத் தேடலாம். துகளுக்கு நிறை இருந்தால் பாசிட்ரான் கோடு (ஒரே ஆற்றலில் எழும் கூர்முனை) விளிம்பிலிருந்து உள்ளே நகரும்; தேடலும் எளிதாகும். நிறையற்றதாயின் சிக்கல்தான்: கருவியின் உந்த அளவைச் சரிபார்க்கப் பயன்படும் அதே விளிம்பில்தான் சைகையும் அமர்ந்திருக்கும்.