பழைய பெரிய கட்டடத்தில் எப்போது குடியேறுவது: முடித்த பிறகா, முதல் நாளேயா, ஒரு பகுதி முடிந்ததுமா?

பெரிய பழைய கட்டடம் ஒன்றை வீடாக்கும்போது மற்ற எல்லா முடிவுகளுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி: வேலை நடக்கும் காலத்தில் குடும்பம் எங்கே இருக்கும்? வேலையின் வரிசை, பணம் செலவாகும் வேகம், எந்தப் பூச்சை எப்போது பூசலாம் என்பது வரை எல்லாம் இதைப் பொறுத்தே அமையும். வழிகள் மூன்று. கட்டடத்தைக் காலியாக வைத்து முழுவதையும் முடித்துவிட்டுக் குடியேறலாம். முதல் நாளே குடியேறி அறை அறையாகச் சரிசெய்துகொண்டு போகலாம். அல்லது ஒரு பகுதியை மட்டும் தனி வீடுபோல முடித்து, அதில் இருந்துகொண்டு மீதியைச் செய்யலாம்.

மூன்று அறை வீட்டில் இவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் தெரியாது. பத்துப் பன்னிரண்டு அறைகள், அரை மீட்டர் தடிமனில் சுவர்கள், மர உத்தரங்களில் நிற்கும் மாடி என்று வரும்போது வித்தியாசம் ஆண்டுக்கணக்கில் போகும். பெரும்பாலான பெரிய கட்டடங்களுக்கு மூன்றாவது வழியே நல்லது என்பது எங்கள் தீர்ப்பு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதை விட்டுவிட்டால் மூன்றாவது வழி, இரண்டாவதைவிட மோசமாகிவிடும்.

யாரும் குடியேறும் முன் முடிய வேண்டியவை

நம் கண்ணுக்கு அறைகள் தெரிகின்றன. மழைநீரும் மின்சாரமும் கழிவுநீரும் அறை பார்த்து ஓடுவதில்லை. கூரை, மழைநீர் வடிகால், கழிவுநீர்க் குழாய், மெயின் வயரிங், தண்ணீர் மெயின் லைன், பலவீனமான உத்தரங்கள் ஆகியவற்றை முழுக் கட்டடத்துக்கும் ஒரே கட்டமாக, ஆள் இல்லாதபோதே முடிக்க வேண்டும். மேலே சொன்ன நிபந்தனை இதுதான்.

கூரையை வெயிலில் பார்த்தால் போதாது. நல்ல மழை பெய்யும்போது உள்ளேயும் வெளியேயும் சுற்றிவர வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் ஓடுகளின் நடுவே இருக்காது. இரண்டு கூரைகள் சேரும் பள்ளம், கூரை சுவரைத் தொடும் இடம், புகைபோக்கியின் அடி, இலை அடைத்த மழைநீர்க் குழாயின் வாய் ஆகிய இடங்களில்தான் இருக்கும். சுவரின் அடியையும் பாருங்கள். பல ஆண்டுகளாக மண்ணும் தளமும் ஏறி ஏறி, வெளித்தரை உள்தரைக்கு மேலே வந்திருக்கும். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 150 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். சுவரில் ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) ஏறுகிறது என்று சொல்லி, சுவரைத் துளைத்து மருந்து செலுத்துபவரை அழைக்கும் முன் இந்த மண்ணை வெட்டி எடுத்துப் பார்ப்பது நல்லது. பல இடங்களில் அதுவே போதுமானதாக இருக்கும்.

இதை இவ்வளவு முன்னதாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் சுவர் உலரும் வேகம். ஊறிய கட்டுமானம் மாதத்துக்குச் சுமார் 25 மி.மீ. உலரும் என்பது பொதுவான கணக்கு. 450 மி.மீ. சுவர் முழுதும் ஊறியிருந்தால் ஒன்றரை ஆண்டு ஆகலாம். ஆகவே இன்று கூரையைச் சரிசெய்தால் பூச்சு வேலைக்கான கடிகாரம் இன்றுதான் ஓடத் தொடங்குகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தக் காலத்தைக் குறைக்க முடியாது.

உத்தரங்களில் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் செருகிய முனைதான் உளுத்திருக்கும். கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள், ஈரமானியால் அளந்து பாருங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குமேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை பிடிக்கும். உளுத்ததை நல்ல மரம் வரை வெட்டி, பக்கவாட்டில் புதுக்கட்டை சேர்த்து போல்ட் போட்டு இறுக்கலாம். புதுமுனையைச் சுற்றிக் காற்றுக்கு இடைவெளி விடாமல் காரையால் அடைத்துவிட்டால் சில ஆண்டுகளில் அதே இடம் மீண்டும் உளுக்கும். இந்த வேலைக்கு மாடியை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும் என்பதால், கீழே குடித்தனம் நடத்திக்கொண்டு செய்ய முடியாது.

வயரிங்கில் ரப்பர் உறை போட்ட பழைய கம்பிகள் இருந்தால் பேச்சே இல்லை, முழுவதையும் மாற்ற வேண்டும். தொட்டாலே உறை உதிரும். கம்பிக்குழாய் பதிக்கச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போது செங்குத்துக் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. நடுவில் கல்லும் மண்ணும் இட்டு நிரப்பிய பழைய சுவரில் காடியே எடுக்காமல் குழாயை வெளியில் ஓட்டுவது இன்னும் பாதுகாப்பு.

கடைசியாக, ஈயம் கலந்த பெயிண்டும் ஆஸ்பெஸ்டாஸும். பழைய கதவு ஜன்னல்களின் அடி அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். உலர்நிலையில் தேய்க்கக் கூடாது, தீச்சுடரால் எரிக்கக் கூடாது. நனைத்துச் சுரண்ட வேண்டும். குழாய் மேல் சுற்றிய பழைய உறை, சிமெண்ட் ஷீட், தரையில் ஒட்டிய பழைய வினைல் ஓடு ஆகியவற்றில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் வரை துளைபோடவோ உடைக்கவோ கூடாது.

காலியாக வைத்து முடிப்பது

இந்த வழியின் பெரிய பலம் ஈர வேலை. ஓர் அறையின் சுவர்ப்பரப்பு 50 சதுர மீட்டர், பூச்சு 20 மி.மீ. என்று வைத்தால் அந்தப் பூச்சோடு மட்டும் 200 லிட்டருக்கும் மேல் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. அது முழுதும் காற்றாக வெளியேற வேண்டும். காலிக் கட்டடத்தில் எல்லா ஜன்னல்களையும் திறந்துபோடலாம். குடியிருக்கும் வீட்டில் துணி, மெத்தை, அலமாரி எல்லாம் அந்த ஈரத்தைக் குடிக்கும். கொத்தனார் ஒரே சாரத்தில் நின்று வரிசையாக அறைகளை முடித்துக்கொண்டு போகலாம். எலக்ட்ரீஷியன் ஒருமுறை வந்து முழு வீட்டுக்கும் குழாய் இழுத்துவிடலாம். கைவேலைக் கூலி மூன்று வழிகளிலும் இதில்தான் குறைவு.

பலவீனம் இரண்டு. முதலாவது, ஆளில்லாத கட்டடத்தில் இரவில் குழாய் பிய்த்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மாலையில் வேலையாட்கள் கிளம்பும்போது மெயின் வால்வை மூடுவது எழுதப்படாத சட்டமாக இருக்க வேண்டும். காப்பீட்டையும் பாருங்கள்: பல பத்திரங்களில் வீடு 30 அல்லது 60 நாளுக்குமேல் காலியாக இருந்தால் தண்ணீர்ச் சேதத்துக்கும் திருட்டுக்கும் பாதுகாப்பு குறையும் அல்லது நீங்கும். சீரமைப்புக் காலத்துக்கெனத் தனிப் பத்திரம் எடுக்க வேண்டும்.

இரண்டாவது பலவீனம் அவசரம். வேறிடத்தில் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு மாதமும் இரட்டைச் செலவு. அந்த நெருக்கடி சுவரில்தான் போய் இறங்கும். சுண்ணாம்புப் பூச்சு காத்திருக்கக் கேட்கும்: ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கரடுமுரடான மணல், ஓர் அடுக்கு சுமார் 10 மி.மீ., பூசிய பின் சில நாள் ஈரம் காயாமல் தெளித்து, அடுத்த அடுக்குக்கு முன் ஒன்றிரண்டு வாரம். பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மேலிருந்து உள்ளாக மெல்ல இறுகுகிறது. 5 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்தால் அந்த வேலை நின்றுவிடும். சிமெண்ட் பூச்சு மறுநாளே கல்லாகிவிடும். தேதி நெருங்கும்போது கை சிமெண்டுக்குப் போவது இதனால்தான்.

விளைவு இரண்டு மூன்று ஆண்டுகளில் தெரியும். மென்மையான செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட சுவர் இரு முகங்களிலும் மூச்சுவிட்டு ஈரத்தை வெளியேற்றும். சிமெண்ட் அந்த வாயை மூடும். உள்ளே சிக்கிய ஈரம் மேலே ஏறி, சிமெண்ட் முடியும் விளிம்பில் உப்பாகப் பூக்கும். அந்த உப்புப் படிகம் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்தால் செங்கல்லும் கூடவே வரும். திரும்பப் பெற முடியாத சேதம் இது. குடியேறும் தேதி பூச்சின் வகையைத் தீர்மானிக்க விடவே கூடாது.

முதல் நாளே குடியேறி அறை அறையாக

இதைத் தேர்பவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது: வீட்டைத் தெரிந்துகொள்ளலாம். எந்த அறையில் காலை வெளிச்சம், எந்தச் சுவர் மழைக்குப் பிறகு கறுக்கிறது, எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகுகிறது என்பது ஓராண்டு குடியிருந்தவருக்கே தெரியும். சுவரில் விரிசல் இருந்தால் அதன் மேல் அளவுகோல் பொருத்தி ஓராண்டு பார்த்தால், பருவத்தோடு திறந்து மூடும் விரிசலா, தொடர்ந்து விரியும் விரிசலா என்பது பிரியும். பணமும் ஒரேயடியாகத் தேவைப்படாது.

ஆனால் வேலையின் இயல்பு இதற்கு எதிராக நிற்கிறது. முதல் அறையை அழகாகப் பூசி முடித்த பிறகு மூன்றாவது அறைக்கு மின்கம்பி இழுக்க அந்தச் சுவரையே வெட்ட வேண்டிவரும். மாடிக் குளியலறைக்குக் கழிவுக்குழாய் இறக்கக் கீழே முடிந்த அறையின் மேல்தளம் (உட்கூரை) உடைபடும். ஒவ்வோர் அறைக்கும் கொத்தனார், பிளம்பர், பெயிண்டர் தனித்தனியே வந்து போக வேண்டும். சின்ன வேலைக்கு நல்ல ஆட்கள் வருவதும் குறைவு. அறைச் சாமான்கள் அடுத்த அறைக்கும், பிறகு அதற்கடுத்த அறைக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

யாரும் கணக்கில் எடுக்காத ஆபத்து ஒன்று இந்த வழியில் அதிகம்: மாடியில் அடுக்கும் சாமான். 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு, 2.4 க்கு 1.2 மீட்டர், ஒன்று சுமார் 25 கிலோ. 25 போர்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தினால் மூன்று சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் 600 கிலோவைத் தாண்டும். வீட்டு மாடிகள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோவுக்கே கணக்கிடப்படுகின்றன. முனை உளுத்த உத்தரம் அதைக்கூடத் தாங்காது. போர்டு, டைல்ஸ், சிமெண்ட் மூட்டை எல்லாம் தரைத்தளத்தில் இருக்கட்டும், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் ஏற்றுங்கள். மாடியில்தான் வைத்தாக வேண்டும் என்றால் தாங்கு சுவரை ஒட்டி, பல உத்தரங்களின் மேல் பரவும்படி வையுங்கள்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ கருவுற்ற பெண்ணோ வீட்டில் இருந்து, பெயிண்டில் ஈயமும் இருக்கிறதென்றால் இந்த வழியை எடுக்கவே வேண்டாம். ஈயத்தூசு கண்ணுக்குத் தெரியாமல் தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும்.

கூரையும் வயரிங்கும் நல்ல நிலையில், சுவர்கள் உலர்ந்து, பெயிண்ட், தரை, சமையலறை மட்டுமே மிச்சம் என்ற கட்டடத்துக்கு இரண்டாவது வழி தாராளமாகப் பொருந்தும். பெரிய பழைய கட்டடங்களில் அப்படி அமைவது அரிது.

ஒரு பகுதியை முடித்து அதில் இருப்பது

முதலில் சொன்ன கூரை, வடிகால், வயரிங் போன்ற ஆதார வேலைகள் முடிந்த பிறகு எந்தப் பகுதியை முதலில் எடுப்பது? பலரும் அழகான பகுதியை எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது உலர்ந்த பகுதியை. அங்கேதான் சுண்ணாம்புப் பூச்சை முதலில் தொடங்க முடியும். நனைந்த பகுதி அதுவரை திறந்த சுவராக உலர்ந்துகொண்டிருக்கும். அடுத்ததாக, தனி வெளிவாசல் இருக்க வேண்டும். கழிவுநீர் மெயினுக்கு அருகில் இருந்தால் கழிவறைக்கும் சமையலறைக்கும் குழாய் நீளம் குறையும். ஒரு படுக்கையறை, ஒரு கழிவறையோடு குளியலறை, சமைக்க ஓர் இடம், இவ்வளவு போதும். தற்காலிகச் சமையலறையை, பின்னால் சலவை அறையாக மாறும் இடத்தில் அமைத்தால் குழாயும் வடிகாலும் வீணாகாது.

இந்தப் பகுதிக்குத் தனி டிபி பாக்ஸ் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), தண்ணீரை நிறுத்தத் தனி கேட் வால்வு வைக்க வேண்டும். வேலை நடக்கும் பக்கத்துக்கு இன்னொரு டிபி. அங்கே ஆர்சிசிபி விழுந்தால் இங்கே விளக்கு அணையக் கூடாது, அங்கே குழாய் வெட்டினால் இங்கே தண்ணீர் நிற்கக் கூடாது. பின்னால் நீட்ட வேண்டிய குழாய்களுக்கு இப்போதே டீ (கிளை பிரிக்கும் T வடிவ இணைப்பு) போட்டு மூடி வைத்துவிட்டால், முடிந்த சுவரைத் திரும்பத் தொட வேண்டியதில்லை.

நடுவே வரும் தடுப்புதான் இந்த வழியின் உயிர். வெறும் பாலித்தீன் திரை ஒரு வாரத்தில் கிழியும். மரச்சட்டம் அடித்து, போர்டு பொருத்தி, வேலைப் பக்கத்தில் 250 மைக்ரான் பாலித்தீனை ஒட்டி, மேல்தளத்தோடும் தரையோடும் சேரும் விளிம்பை டேப்பால் மூடுங்கள். உத்தரங்களுக்கிடையே பொய்க்கூரைக்கு மேல் தூசு தாவும் வழியையும் அடைக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இடம். வேலைப் பக்கத்து ஜன்னலில் வெளியே தள்ளும் விசிறி ஒன்றை வைத்தால் அங்கே காற்றழுத்தம் சற்றுக் குறைந்து, தூசு குடியிருக்கும் பக்கம் வராமல் வெளியே போகும். கூட்டுவதற்குத் துடைப்பம் வேண்டாம். ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வேக்குவமும் ஈரத்துணியும்தான்.

தடுப்பு போட்டதும் தீப்பாதுகாப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும். தடுப்பு பழைய வெளியேறும் வழியை அடைத்திருக்கலாம். குடியிருக்கும் பகுதிக்கு இரண்டு வழிகள் இருக்க வேண்டும். இரு பக்கமும் புகை அலாரம், ஒன்று ஒலித்தால் மற்றதும் ஒலிக்கும்படி இணைத்து வைக்க வேண்டும். பற்றவைப்பு, வெப்பத் துப்பாக்கி வேலைகளை மாலை கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தி, அந்த ஒரு மணி நேரமும் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். பழைய மரச்சந்துகளில் பொறி புகைந்து, நேரம் கழித்தே எரியத் தொடங்கும்.

ஆளில்லாத பகுதியை இறுக மூடிவைக்காதீர்கள். ஜன்னல்களில் சிறு திறப்பும், புகைபோக்கிகளில் காற்றோட்டமும் இருக்கட்டும். பயன்படாத குளியலறையின் வடிகால் ட்ராப்பில் (வாயுவைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் வளைவில்) தண்ணீர் வற்றினால் சாக்கடை வாயு மேலே வரும். வாரம் ஒருமுறை ஒரு குவளை ஊற்றினால் போதும். அதே நாளில் பயன்படாத குழாய்களைச் சில நிமிடம் திறந்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் 20 முதல் 45 டிகிரிக்குள் நின்றால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். கிளைக் குழாய் ஒன்று இனி தேவையே இல்லை என்றால் அதன் முனையை மட்டும் மூடாமல், மெயினிலிருந்து பிரியும் இடத்திலேயே வெட்டி எடுத்துவிடுங்கள்.

செலவில் இந்த வழி முதல் வழியைவிடக் கூடத்தான் செய்யும்: தடுப்பு, இரட்டை டிபி, ஆட்கள் இரண்டு சுற்று வருவது. வாடகை மிச்சமாகும், நனைந்த சுவருக்கு உலர நேரமும் கிடைக்கும். எதிர்பாராச் செலவுக்கு மதிப்பீட்டில் 15 முதல் 20 சதவீதம் தனியே வையுங்கள்; அதில் பாதிக்குமேல் முதல் பகுதியிலேயே கரைந்தால், இரண்டாம் பகுதியைத் தொடங்கும் முன் மதிப்பீட்டைத் திரும்பப் போட வேண்டும்.

இரண்டாம் பகுதியின் பெயிண்ட் வேலையும் முடிந்து, மேல்தளச் சட்டங்கள், கதவு மேல்விளிம்புகள் வரை ஈரத்துணியால் துடைத்து எடுத்த பிறகே தடுப்பைக் கழற்றுங்கள். கழற்றும் முன் அந்தப் பக்கச் சுவரில் ஈரமானியை வைத்துப் பாருங்கள். அளவு வாரத்துக்கு வாரம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் அலமாரிகளைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு கையளவு தள்ளியே வையுங்கள்.