டிஸ்க்கைத் தின்பது எது? விண்டிர்ஸ்டாட்டோடு சில வருடங்கள்

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் நண்பர் கேட்டார்: "அண்ணே, சி டிரைவ் நிறைந்து சிவப்பாகிவிட்டது. சிம் லிம் சதுக்கத்துக்குப் போய்ப் பெரிய எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கிப் போட்டுவிடலாமா?" காசை எடுக்கும் முன் உள்ளே என்ன கிடக்கிறது என்று பாருங்கள் என்றேன். அதைப் பார்க்க நான் பல வருடங்களாக வைத்திருப்பது விண்டிர்ஸ்டாட் என்ற மென்பொருள். இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை.

விண்டோஸின் சொந்த ஸ்டோரேஜ் பக்கம் செயலிகள், தற்காலிகக் கோப்புகள், மற்றவை என்று பிரித்துக் காட்டும். நாம் தேடுவது பெரும்பாலும் அந்த 'மற்றவை'க்குள்தான் ஒளிந்திருக்கும். விண்டிர்ஸ்டாட் டிரைவ் முழுவதையும் ஒரே படமாக விரித்துப் போடுகிறது. ஒவ்வொரு கோப்பும் ஒரு கட்டம். கோப்பு பெரிதென்றால் கட்டமும் பெரிது, வகைக்கு ஒரு நிறம். மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் 1990இல் யோசித்த முறை இது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி டிஸ்க் நிறைந்துபோனதுதான் காரணமாம். இன்று ஒரு நிமிட 4கே காணொளியே அதைத் தாண்டிவிடும்!

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை எடுத்த காணொளிகளைத் தொகுத்து முடித்து, மூலக் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றிய பிறகும் இடம் திரும்பவில்லை. படத்தைத் திறந்தால் நடுவில் ஒரே நிறத்தில் பெரிய பெரிய கட்டங்கள். சொடுக்கியதும் மேலே பட்டியலில் அந்த ஃபோல்டர் விரிந்தது. யூசர்ஸ், அதற்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் காணொளித் தொகுப்பு மென்பொருளின் கேஷ், அதாவது அது தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கோப்புகள். வேலை முடிந்தும் அந்த மென்பொருள் முன்னோட்டக் கோப்புகளை அழிக்காமல் விட்டிருக்கிறது. ஆப்டேட்டா என்பதே மறைக்கப்பட்ட ஃபோல்டர், சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் இப்படிச் செய்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? அந்த இடத்தை நிமிடத்தில் காட்டிக் கொடுத்ததற்காகவே விண்டிர்ஸ்டாட் மீது எனக்குப் பெரிய பிரியம்.

வேகத்தில் விஸ்ட்ரீ என்ற இன்னொரு மென்பொருள் இதை மிஞ்சும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற அமைப்பில் இருக்கும் டிரைவில் எல்லாக் கோப்புகளின் விவரமும் எம்எஃப்டி என்ற ஓர் அட்டவணையில் இருக்கிறது. விஸ்ட்ரீ அதை நேராகப் படித்துச் சில நொடிகளில் முடித்துவிடும், ஆனால் நிர்வாகி அனுமதி கேட்கும். எக்ஸ்ஃபேட் என்ற வேறு அமைப்பில் இருக்கும் போர்ட்டபிள் டிஸ்க்கில் அந்த அட்டவணையே இல்லாததால் அந்த வேகமும் கிடையாது. விண்டிர்ஸ்டாட் 2007இல் வந்த 1.1.2 பதிப்போடு நீண்ட காலம் நின்றுபோயிருந்தது. 2ஆம் பதிப்பு வந்த பிறகு காத்திருக்கும் நேரம் நன்றாகவே குறைந்திருக்கிறது.

அப்புறம், இத்தனை வருடமாக என்னை உறுத்தும் விஷயம். எது பெரிது என்று காட்டுகிறதே தவிர, அது யாருடையது, அழிக்கலாமா என்று சொல்வதே இல்லை. வீட்டுக் கணினியில் ஒரு பெரிய பகுதி முழுக்கப் பொடிக் கட்டங்களாக இருந்தது. ஒவ்வொரு பெயரும் எழுத்தும் எண்ணுமாக 40 குறிகள், கோப்பின் வகையைச் சொல்லும் .jpg போன்ற பின்னொட்டே கிடையாது. பார்த்தால் குப்பை என்றுதான் தோன்றும். ஆனால் அது மனைவியின் ஐபோன் பேக்கப், மொபைல்சிங்க் என்ற ஃபோல்டரில் அப்படித்தான் சேமிக்கப்படும். பிள்ளைகளின் படமெல்லாம் அதில்தான். பக்கத்திலேயே ஹைபர்ஃபில் என்று இன்னொரு பெரிய கட்டம். கணினியை ஹைபர்னேட் செய்ய, அதாவது திறந்திருப்பதை அப்படியே டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைக்க, விண்டோஸ் ஒதுக்கி வைப்பது, வழக்கமாக ரேமில் சுமார் 40 சதவீதம். அதைக் கையால் அழிக்கக் கூடாது. ஹைபர்னேட் வசதியை நிறுத்தினால் தானாகப் போய்விடும். இரண்டும் படத்தில் வெறும் கட்டங்கள்தான், டிலீட் பட்டனோ எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

அதனால் இன்று மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஆறுதான் தருவேன். என் கணினியிலிருந்து இதை எடுக்கமாட்டேன், இதைவிட நல்லதை நான் பயன்படுத்தியதுமில்லை. ஆனால் கோப்புகளைப் பற்றித் தெரியாதவர் கணினியில் இதைப் போட்டுக் கொடுக்கமாட்டேன். கேட்டால் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தருவேன்.