நாள்பட்ட டென்னிஸ் எல்போ: சிரியாக்ஸா, முல்லிகனா?

முழங்கையின் வெளிப்பக்க வலி மாதக்கணக்கில் விடாதவர்களுக்குப் பிசியோதெரபியில் கிடைக்கும் கைச்சிகிச்சைகளில் இவை இரண்டும் முக்கியமானவை.

செய்முறை
சிரியாக்ஸ்: தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தை நாருக்குக் குறுக்காக விரலால் சுமார் 10 நிமிடம் அழுத்தித் தேய்ப்பார்கள். இடம் மரத்ததும், மணிக்கட்டை மடக்கிப் பிடித்து முழங்கையைச் சட்டென நீட்டுவார்கள். இதுதான் மில்ஸ் அசைவு.
முல்லிகன்: மேற்கையை அசையாமல் பிடித்து, முன்கையை வெளிப்பக்கமாக நகர்த்தி நிறுத்துவார்கள். அப்போது நீங்கள் விரல்களை இறுக்கி மூட வேண்டும்.

வலி
சிரியாக்ஸ்: தேய்க்கும் முதல் சில நிமிடங்கள் நன்றாகவே வலிக்கும்.
முல்லிகன்: வலிக்கவே கூடாது. வலித்தால் பிடியின் கோணத்தை மாற்ற வேண்டும். எனக்குப் பிடித்ததே இந்த விதிதான். சரியாகப் பிடித்தால் பிடிமான பலம் அங்கேயே கூடுவது தெரியும்.

வீட்டில்
சிரியாக்ஸ்: மில்ஸ் அசைவைத் தானாகச் செய்யக் கூடாது.
முல்லிகன்: பெல்ட் வைத்துச் செய்யக் கற்றுக்கொள்ளலாம்.

பாத்திரம் தூக்கவே கை நடுங்குகிறதென்றால் முல்லிகனில் தொடங்குங்கள். தொட்டால் ஒரே புள்ளியில் வலித்து, முழங்கை முழுதாக நீளுமானால் சிரியாக்ஸ் பொருந்தும். நீளாதவர்களுக்கு மில்ஸ் வேண்டவே வேண்டாம். எதை எடுத்தாலும், மணிக்கட்டுக்கான எடைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.