என்னுடைய 121-உம் எக்ஸிலேட்டரின் முதல் அரை அங்குலமும்

தெஹிவளையில் ஒரு டொயோட்டா கொரோலா 121 விலைக்கு நிற்கிறதாம், வாங்கலாமா என்று அத்தான் நேற்று போன் எடுத்துக் கேட்டார். பதினொரு வருடமாக நான் ஓட்டுவதும் அதே கார்தான், 1.5 லீட்டர், ஒட்டோ கியர். ஆனாலும் உடனே பதில் வரவில்லை, ஏனென்றால் அதோடு எனக்கிருந்த இரண்டு வருடக் கோபம் போன மாதம்தான் தீர்ந்தது.

கொழும்பு மரைன் டிரைவில் இருந்து ஒழுங்கையால் ஏறி வெள்ளவத்தையில் காலி வீதிக்குத் திரும்புகிற இடத்தில், பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். மிதித்தால் கார் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பிறகு குதிக்கும், அதற்குள் இடைவெளி போய்விடும், பின்னால் ஹோர்ன் சத்தம். முதல் கியரிலும் இரண்டாவதிலும் மட்டும்தான் இந்தச் சோம்பல். தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் போனால் ஒரு குறை சொல்ல முடியாது.

ப்ளக் மாற்றினேன், கியர் ஒயில் மாற்றினேன், ஒன்றும் சரிவரவில்லை. ஒரு கராஜில் கியர் பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். பொனட்டைத் திறக்காமலே சொன்னார்கள், அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ், எயார் பில்டரில் இருந்து எஞ்சினுக்குப் போகிற கறுப்பு ரப்பர் குழாயைக் கழற்றி, மடிப்பை விரித்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சும்மா நிற்கும்போது அது மூடியே இருக்கும், வண்டி இழுக்கத் தொடங்கி எஞ்சின் சாயும்போதுதான் வாய் திறக்கும். காற்றை அளக்கிற சென்சர் குழாயின் முன்பக்கத்திலேயே இருப்பதால் வெடிப்பால் நுழைகிற காற்று கணக்கில் வராது, பெற்றோல் குறைவாக விழும், இழுவை செத்துப்போகும். வேகமாக ஓடும்போது எஞ்சின் இழுக்கிற காற்றே அதிகம், இந்தக் கசிவு அதற்குள் அடிபட்டுப் போகிறது.

அதோடு எஞ்சினுக்குள் காற்றைத் திறந்துவிடுகிற த்ரொட்டில் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கரிப்பசை, தட்டு கொஞ்சமாகத் திறக்கிற நேரத்தில் அதுவும் இடைஞ்சல். எக்ஸிலேட்டர் கேபிளிலும் தொய்வு, முதல் அரை அங்குலம் வெறுமனே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பசையைத் துடைத்து, கேபிளை இறுக்கி, பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் எடுத்த குழாயைப் போட்டதற்குக் கூலியோடு ஒன்பதாயிரம் ரூபாகூட முடியவில்லை.

இப்போது கால் பட்டவுடனே நகர்கிறது. முதல் நாள் அதே ஒழுங்கையால் வேண்டுமென்றே மூன்று தரம் ஏறி இறங்கினேன், மூன்று தரமும் இடைவெளி எனக்குத்தான்.

சரி, அத்தானுக்கு என்ன சொன்னேன்? வாங்க வேண்டாம் என்றேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் பழைய கார்க்காரர் கேட்கிற விலை நியாயத்துக்குள் வரவில்லை. இருபது வருடம் ஓடிய ரப்பருக்கும் வயருக்கும் அந்தக் காசைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

“அப்ப உன்ர காரை விப்பியோ?” என்றார்.

விற்க மாட்டேன்.