புகையை நம்பி உள்ளே போனோம்

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவர்கள், அதிலும் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துச் சுற்றிக்காட்டுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே வேலையைச் செய்கிற கடைகள் வேறேயும் இருக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். மெக்சிகோவின் சினலோவா பாணியில் கோழி சுடுகிற கடை. கோழியை முதுகில் பிளந்து, தட்டையாக விரித்து, ஆரஞ்சு, எலுமிச்சைச் சாற்றிலும் பூண்டிலும் ஊறவைத்துக் கரியடுப்பில் வாட்டுவார்கள். மெஸ்கீட் மரத்துக் கரி. நம் ஊர்ச் சீமைக்கருவேலம் அந்தக் குடும்பத்து மரம்தான், அதுவும் அந்தப் பக்கத்திலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. இராமநாதபுரத்துக்காரியான அம்மாவுக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காரை விட்டு இறங்கியதுமே, “கருவேலங்கரி வாசம்டா” என்றாள். அதோடு வேறு கடை தேடுகிற பேச்சே இல்லை.

வாசலிலேயே பெரிய அடுப்பு. மேலே ஐந்து கோழிகள். ஒருவர் இடுக்கியால் திருப்பிக்கொண்டிருந்தார். முழுக் கோழி, சோறு, பீன்ஸ், டார்ட்டியா என்கிற சோள ரொட்டி சேர்த்து 31.99 டாலர். ஆளுக்கு ஒரு ஓர்ச்சாட்டா, அரிசியும் பட்டையும் போட்ட இனிப்புப் பானம், 4.50 வீதம். மொத்தம் 40.99.

கல்லாவில் இருந்த பெண் திரையைத் திருப்பி வைத்தார். டிப்ஸ் எவ்வளவு என்று கேட்டு 18, 20, 25 சதவீதம் என்று மூன்று பெரிய கட்டங்கள். வேண்டாம் என்பது அடியில் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். எனக்குப் பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். 20-ஐத் தட்டினேன். பில் மெயிலில் வரும் என்றார். சரி என்றேன். பண்ணிய தப்பு அதுதான்.

கோழி மூன்றே நிமிடத்தில் வந்தது. அடுப்பில் இருந்த ஐந்தும் அப்படியே இருக்கின்றன! கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் பெட்டியிலிருந்து எடுத்து வெட்டியிருக்கிறார்கள். தோல் ஈரத்தோலாக வழவழத்தது. கருகிய இடங்கள்கூட மொறுமொறுப்பு போய் ஊறிக் கிடந்தன. இறக்கை நுனி நாக்கைச் சுட்டது, நெஞ்சுக்கறியின் நடுவே சில்லென்று இருந்தது. மைக்ரோவேவ் வைத்த கைவரிசை. கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸுக்கு வர வேண்டும் என்பது இந்த நாட்டுக் கணக்கு. இந்த நெஞ்சுக்கறி குளிக்கிற வெந்நீரின் சூட்டில்கூட இல்லை. அம்மா தொடைக்கறியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இது நேத்து வெந்ததுடா” என்றாள். டார்ட்டியாவையும் வெங்காயச் சல்சாவையும் மட்டும் ரசித்துச் சாப்பிட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடமும் வாசல் அடுப்பிலிருந்து ஒரு கோழியும் இறங்கவில்லை. அந்த மனிதர் ஓரத்துக்குத் தள்ளுவார், மறுபடி நடுவுக்கு இழுப்பார். தெருவில் போகிறவர்களுக்குப் புகை போட ஒரு ஆள்.

கடுப்பில் மெயிலைத் திறந்தேன். 40.99-க்குக் கீழே ‘சர்வீஸ் சார்ஜ் 18%’ என்று 7.38. அதையும் சேர்த்து 9.75 சதவீத வரி, 4.72. ஆகமொத்தம் 53.09. என்னுடைய 20 சதவீதத்தை அந்த 53.09-க்கு, அதாவது வரிக்கும் சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்தே, கணக்கிட்டு 10.62. கார்டில் போனது 63.71. கோழியும் பானமும் 41 டாலர், மேலே 22 டாலர் 72 சென்ட்.

கலிபோர்னியாவில் மறைமுகக் கட்டணத்துக்குத் தடை 2024 ஜூலையில் வந்தது. ஆனால் உணவகங்களுக்கு மட்டும் விலக்கு: மெனுவில் தெளிவாகப் போட்டிருந்தால் வசூலிக்கலாம். இங்கேயும் போட்டிருந்தார்கள். விலைப்பலகையின் கடைசி வரியில், பானப் பெட்டி மறைக்கிற இடத்தில். அது தெளிவா என்று நீங்களே சொல்லுங்கள். வாசலில் சுகாதாரத் துறையின் ‘ஏ’ அட்டை தொங்கியதும் உண்மை. அது சமையலறைச் சோதனைக்குக் கிடைத்த மதிப்பெண், பில்லுக்குக் கிடைத்தது இல்லை.

கல்லாவில் போய்க் கேட்டேன். “அது கடைக்கு, இது எங்களுக்கு” என்றார் அந்தப் பெண். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். நீங்களே அழுத்தியது, திருப்பித்தர முடியாது என்றார் அவர். அதற்குள் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, நெஞ்சுக்கறியைத் தொட்டுப் பார்க்கும்படி சைகை காட்டினாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். 10.62 கார்டுக்குத் திரும்பியது.

கோழிக்கு என்ன செய்வது என்றேன். “புதுசாகவே தருகிறேன்” என்று சிரித்துக்கொண்டே திரும்பி, அதே ஸ்டீல் பெட்டியைத் திறந்தார்.