செவ்வாய்ப்பேட்டை நாடக உடை வாடகைக் கடை: குட்டிச் சிங்கங்களுக்குச் சரிவருமா?

2024-25 கல்வியாண்டிலிருந்து தொடக்க வகுப்புகளுக்கும் கலைத் திருவிழா வந்துவிட்டது. அதோடு ஆண்டு விழாவும் சேர்ந்தால் சேலத்தில் வாடகை உடைக்குப் பெரும் நெருக்கடிதான். செவ்வாய்ப்பேட்டையில் உள்ள இந்தக் கடையின் பெரிய பலம், 20 முதல் 28 வரை சின்ன அளவுகளைத் தனி அடுக்கில் வைத்திருப்பது. பெரிய உடையை ஊக்கு குத்திச் சுருக்கித் தரும் வழக்கம் இங்கே இல்லை. மேடையில் ஊக்கு கழன்றால் பிள்ளை வசனத்தை விட்டுவிட்டு இடுப்பைத்தான் பிடித்துக்கொள்ளும்.

பாரதியார், ஔவையார், கட்டபொம்மன் உடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முண்டாசு முன்பே கட்டித் தைத்தது, உள்ளே எலாஸ்டிக். வேட்டிக்கு வெல்க்ரோ. ஜிகினா வைத்த கழுத்துப்பட்டி மட்டும் அரிக்கும். உள்ளே பனியன் போட்டுவிடுங்கள்.

சிக்கல் விலங்கு உடைகளில். சிங்கத்துக்கும் கரடிக்கும் முழுத் தலை தருகிறார்கள். வாய்க்கு நேராகத் துணி, காதின் மேல் பஞ்சு. எதிரில் நிற்பவன் பேசுவது உள்ளே இருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கேட்காது. தன் முறை வந்ததும் தெரியாது, பேசினாலும் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. தலையை விட்டுவிட்டு உடம்பையும் வாலையும் மட்டும் கேளுங்கள், கொடுக்கிறார்கள். பிடரிக்குப் பழுப்பு உல்லன் நூலை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஹேர்பேண்டில் நெருக்கமாக முடிச்சுப் போட்டால் போதும். மூக்கு நுனிக்குக் கண் மை. கோபமும் பயமும் பிள்ளையின் முகத்தில் தெரிய வேண்டும். முகத்தை மூடிவிட்டு நாடகம் எதற்கு?

வால் தரையில் இழுபடுகிறது. பின்னால் வருபவன் மிதித்தால் இரண்டு பேரும் விழுவார்கள். முழங்கால் மடிப்புக்கு மேலே நிற்கும்படி மடித்து இரண்டு தையல் போடுங்கள், திருப்பும்போது பிரித்துவிடலாம்.

வாடகை நாள் கணக்கு, முன்பணம் அதைப் போல் இரண்டு மடங்கு. ஒரு நாளுக்கு எடுத்தால் ஒத்திகை போய்விடும். உடையோடு ஒருமுறையாவது நடந்து, உட்கார்ந்து, திரும்பிப் பார்க்க வேண்டும். ஒத்திகை நாளுக்குப் பாதி வாடகைதான், ஆனால் கேட்டால்தான் சொல்கிறார்கள். பழைய கறை, கிழிசலைக் கடையிலேயே படம் எடுத்துக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்பணத்தில் கழிப்பார்கள்.

ஏற்காட்டுப் பள்ளிகள் பிள்ளைகளுக்கு உடை மாட்டி வேனில் ஏற்ற வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தால் உடையும் போச்சு, பிள்ளையும் சோர்ந்துவிடும். சேலம் இறங்கி, முகம் கழுவி, அரை மணி நேரம் கழித்து உடுத்திவிடுங்கள். மலைக்குத் திரும்பும் பள்ளிகளுக்கு மறுநாள் மதியம் வரை அவகாசம் தருகிறார்கள்.