கொள்கலனா, எங்கும் ஓடும் சோதனையா?

கிளிநொச்சியில் நாங்கள் எழுதும் நிரல், குளங்களின் பழைய நீர்மட்டப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுகிறது. அலுவலகத்தில் நோடிலும், சேவையகத்தில் டெனோவிலும், குளக்கட்டுக்குக் கொண்டுபோகும் மடிகணினியில் பன்னிலும் அது ஓடவேண்டும். மூன்றும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் சூழல்கள். நிரலைச் சரிபார்க்கும் சோதனைகளை, நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பொதியாக்கி ஓட்டும் டொக்கர் கொள்கலனுக்குள் பூட்டிவிடலாம். அல்லது மூன்று சூழல்களிலும் அப்படியே ஓடும்படி எழுதலாம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

டொக்கரின் வசதி தெரிந்ததுதான்: எல்லா இயந்திரங்களிலும் ஒரே சூழல். கொள்கலனை உருவாக்க இறக்கும் முழு நோட் படிமம் விரிந்தால் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் வரும். கைபேசி இணைப்பில் இறக்குவது சிரமம். ஆனாலும் அது ஒருமுறைச் சிரமம், அதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

முடிவைத் தந்தது நேர வலயம். இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை யூ.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்துக்கு ஆறரை மணி முன்னிலைக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணிக்கும் மாற்றியது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியோ அந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை, ஐந்தரையிலேயே நின்றது. கணினிகள் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் வன்னிக்குத் தனிப் பதிவு கிடையாது. கொழும்பு மட்டுமே உண்டு.

இனி, 2003இல் வன்னியில் காலை 6 மணிக்கு எடுத்த ஓர் அளவை, நேரத்தை யூ.டி.சி.யில் சேமிக்கும் நிரலுக்கு வலயம் குறிப்பிடாமல் கொடுங்கள். கொள்கலன் இயல்பாக யூ.டி.சி.யில் இயங்குவதால் 6:00 என்றே சேமிக்கும். அங்கேயே எழுதிய சோதனையும் 6:00ஐயே எதிர்பார்க்கும். என்றைக்கும் தேறிக்கொண்டே இருக்கும். அதே சோதனையைக் கொழும்பு வலயம் உள்ள மடிகணினியில் நோடில் ஓட்டினால் 0:00 வருகிறது. பன்னின் சோதனைக் கட்டளை, வேறு வலயம் சொல்லாதவரை யூ.டி.சி.யையே எடுப்பதால், அதே மடிகணினியிலும் 6:00 காட்டுகிறது. இரண்டும் பிழை, சரியான விடை 0:30. சூழல்கள் முரண்பட்டதால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. கொள்கலன் அதை மூடி வைத்திருக்கும்.

இப்போது எங்கள் சோதனைகள் சூழலிடம் எதையும் கேட்பதில்லை. நேர வலயம், மொழி அமைப்பு, கோப்புப் பாதை, 'இப்போது' என்ற நேரம் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கொடுக்கிறோம். பழைய பதிவுகளுடன் +05:30 ஒட்டியே வருகிறது. நோடுடன் வரும் சோதனைத் தொகுதியைப் பயன்படுத்துகிறோம். நோட் 20இல் அது நிலைபெற்றுவிட்டது. டெனோவும் பன்னும் அதை முழுமையாக ஆதரிப்பதில்லை என்பதால், அடிப்படை வசதிகளுக்கு அப்பால் போவதில்லை.

நாங்கள் சிறிய குழு. பலர் ஒன்றாக எழுதும் இடத்தில் இந்தக் கட்டுப்பாடு நீடிக்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. தரவுத்தளத்தைத் தொடும் சோதனைகளை நாங்களும் டொக்கரில்தான் ஓட்டுகிறோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை ஒவ்வொரு மடிகணினியிலும் நிறுவிப் பராமரிப்பதைவிட அது எளிது.